இரண்டாம் தண்ணீர்

சென்ற மாதம் ஓர் இலக்கியக் கூட்டத்தில் என் நண்பர் ஒருவர் பேசினார். நண்பர் என்று உபசாரத்துக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நண்பர்தான். ஆகையால்தான் என்னை முன் வரிசையில் உட்கார்த்தி வைத்துக்கொண்டே அவரால் அப்படிப் பேச முடிந்தது. "நாவல் என்பது முதல் டிகாக்ஷன். எழுத்தாளன் தன் வாழ்க்கை முழுவதையும் அதில் இறக்கிவிடுகிறான். அப்புறம் அதே தூளில் வெந்நீரை ஊற்றிப் பத்திரிகைகளுக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறான். அது இரண்டாம் டிகாக்ஷன். வேலைக்காரிக்குக் கொடுக்கிற சரக்கு" என்றார். சபையில் நல்ல சிரிப்பு. நானும் சிரித்தேன். முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவன் வேறு என்ன செய்ய முடியும்?

வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. பத்திரிகைக் கதைகளைச் சொன்னதற்காகக் கோபம் இல்லை. இருபது வருஷமாக அவற்றை எழுதிப் பிழைக்கிறவன் நான். இதைவிடக் கடுமையாகவெல்லாம் கேட்டாகிவிட்டது. அந்தக் கடைசி வாக்கியம்தான் உறுத்திற்று. கதையைத் திட்டுவதற்கு ஓர் உவமை தேவைப்பட்டபோது, அந்த மனுஷருக்கு வேலைக்காரி கையில் இருக்கும் தம்ளர்தான் கிடைத்தது. அதைக் கேட்டு நாங்கள் இருநூறு பேர் சிரித்தோம். இரண்டாவது என்றால் மட்டம், மட்டம் என்றால் வேலைக்காரிக்கு என்று எங்கள் எல்லோருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்திருக்கிறது.

இதற்குப் பதில் சொல்ல நான் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. பீரைப் பற்றிப் பேசப் போகிறேன். முகம் சுளிக்கும் வாசகர்களுக்கு ஒரு சமாதானம்: இது குடிக்கு விளம்பரம் அல்ல. 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்றும் நம் மாநிலத்தில் இருக்கிறது; லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் எதையாவது காய்ச்சினால் போலீஸ்காரர் வருவார். இங்கிலாந்தில் அப்படி இல்லை. அங்கே வீட்டில் காய்ச்ச லைசென்ஸ் வேண்டும் என்றிருந்ததை 1963-லேயே எடுத்துவிட்டார்கள். விற்காமல் சொந்த உபயோகத்துக்கு என்றால் யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். போலீஸ்காரருக்குப் பதிலாக அண்டை வீட்டுக்காரர் வருவார், காலிக் கிளாஸோடு.

என் தங்கையின் மகன் லீட்ஸ் நகரத்தில் இருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை அவன் சமையலறையைப் பட்டறையாக மாற்றிவிட்டான். "இன்னிக்கு ஒரே கூழில் ரெண்டு பீர் எடுக்கப் போறேன், மாமா. பாருங்கள்" என்றான். நான் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

பார்லியை நனைத்து முளை விடச் செய்து, முளை நீள்வதற்குள் சூட்டில் உலர்த்திவிட்டால் அதற்குப் பெயர் மால்ட். நம் வீடுகளில் கேழ்வரகை முளை கட்டி, உலர்த்தி, அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறோமே, அதே தர்மம்தான். அந்த மால்ட்டை உடைத்து ஆறு கிலோ எடுத்தான். சூடு இறங்காத பெரிய ஐஸ் பெட்டி ஒன்றில் கொட்டி, 16 லிட்டர் வெந்நீர் விட்டுக் கிளறினான். கூழின் சூடு 66 டிகிரியில் நிற்க வேண்டுமாம். தெர்மாமீட்டரை விட்டு விட்டுப் பார்த்தான். பிறகு மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் என்னோடு ஊர்க் கதை பேசினான். தானியம் முளைக்கும்போது அதில் சில என்சைம்கள் உண்டாகின்றன. நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்தில் அவை மாவையெல்லாம் சர்க்கரையாக மாற்றிவிட்டன. மூடியைத் திறந்தபோது வீடு முழுக்கக் கஞ்சி வாசனை.

பெட்டியின் அடியில் ஒரு சல்லடை, பக்கத்தில் ஒரு குழாய். குழாயைத் திறந்ததும் தேன் நிறத்தில், இளம் பாகு போல ஒரு திரவம் இறங்கிற்று. அதை வோர்ட் என்கிறார்கள். எட்டு லிட்டர் வடிந்ததும் பாத்திரத்தை மாற்றினான். பிறகு 76 டிகிரிச் சூட்டில் வெந்நீரை எடுத்து, கூழின் மேல் மெள்ள மெள்ளத் தெளித்துக்கொண்டே, இரண்டாவது பாத்திரத்தில் 16 லிட்டர் பிடித்தான். இதன் நிறம் வைக்கோல் நிறம்.

பால்காரரிடம் சண்டை போட நம் தாய்மார்கள் வைத்துக்கொள்ளும் லாக்டோமீட்டர் மாதிரி ஒரு கண்ணாடிக் குச்சி அவனிடம் இருந்தது. சர்க்கரை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அது காட்டும். வெறும் தண்ணீரில் மிதக்கவிட்டால் 1.000 காட்டும். முதல் பாத்திரத்தில் 1.084 காட்டிற்று. இரண்டாவதில் 1.042. இரண்டையும் தனித்தனியே ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தான். வற்றியதற்குக் கொதித்த தண்ணீர் விட்டுச் சரிக்கட்டினான். ஆற வைத்து ஈஸ்ட் போட்டு மூடினான். முதலாவதில் ஆல்கஹால் சுமார் 8 சதவீதம் வருமாம். இரண்டாவதில் சுமார் 4 சதவீதம். "இந்த முறைக்குப் பார்ட்டி-கைல்னு பேர், மாமா. கைல்னா ஒரு தடவை காய்ச்சற பீர். பெரிய பீர் ஆறு மாசம் கழிச்சுத்தான் வாயில் வைக்க முடியும். சின்னது மூணு வாரத்தில் ரெடி" என்றான்.

"அப்போ சத்தெல்லாம் முதலாவதில் போய்விட்டது. இரண்டாவது கழுநீர்தானே?" என்றேன் நான். என் நண்பர் கூட்டத்தில் பேசியதை நான் அவருக்கு இரண்டு வருஷம் முந்தியே பேசியிருக்கிறேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பையன் சிரித்தான். "கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்றான்.

வாசகர்களும் போட்டுப் பார்க்கலாம். முதல் பாத்திரம் எட்டு லிட்டர். ஒவ்வொன்றிலும் 84 பங்கு. பெருக்கினால் 672. இரண்டாவது பாத்திரம் பதினாறு லிட்டர். ஒவ்வொன்றிலும் 42 பங்கு. பெருக்கினால் அதுவும் 672. வடித்ததில் முதல் மூன்றில் ஒரு பங்கிலே பாதிச் சர்க்கரை. பாக்கி இரண்டு பங்கிலே மறு பாதி. பீர் காய்ச்சுகிறவர்கள் இதை வாய்ப்பாடாகவே வைத்திருக்கிறார்கள். அதாவது, 'சாரம் இறங்கிவிட்டது' என்று நாம் கை கழுவுகிற தருணத்தில், தானியத்தின் பாதிச் செல்வம் இன்னும் பெட்டிக்குள்ளே இருக்கிறது. ஒரு கிளாஸுக்கு ஒரு கிளாஸ் வைத்துப் பார்த்தால் இரண்டாவதில் பாதி வலுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பாதி வலு என்பது ஒரு சங்கதி. 'ஒன்றுமில்லை' என்பது வேறு சங்கதி. முதலாவது உண்மை, இரண்டாவது மமதை.

வலு குறைவு என்றால் வேலையும் குறைவு, கவனமும் குறைவு என்று ஒரு நினைப்பு உண்டு. அதுவும் தப்பு. கனத்த பீரில் சர்க்கரையும் சாராயமும் சேர்ந்து சிறு குற்றங்களைப் போர்த்திவிடும். அப்புறம் மாதக்கணக்கில் பீப்பாயில் கிடந்தால் காலமும் கொஞ்சம் உதவி செய்யும். மெல்லிய பீருக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. பாத்திரம் சுத்தமாக இல்லாவிட்டால் தெரியும். தண்ணீர் நன்றாக இல்லாவிட்டால் தெரியும். புதுசாக இருக்கும்போதே குடித்துவிட வேண்டும். காலத்திடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்க முடியாது.

லண்டனில் சிஸ்விக் பகுதியில் ஃபுல்லர்ஸ் என்று ஒரு பழைய பீர்ச்சாலை. 1845-இல் அந்தக் கூட்டு வியாபாரம் ஏற்பட்டது. 2019-இல் பீர்த் தொழிலை ஒரு ஜப்பான் கம்பெனிக்கு விற்றார்கள். அங்கே வெகு காலமாக ஒரே கூழிலிருந்து பல பீர் எடுத்து வந்தார்கள். கெட்டியாக இறங்கியதையும் மெல்லியதாக இறங்கியதையும் தனித்தனியே கொதிக்க வைத்து, பிறகு வெவ்வேறு அளவில் கலந்து வெவ்வேறு பெயர் வைப்பார்கள். கோல்டன் பிரைட் என்ற எட்டரை சதவீதக்காரரும், சிஸ்விக் பிட்டர் என்ற மூன்றரை சதவீதக்காரரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இங்கிலாந்தில் பழைய முறை ஏலைக் காப்பதற்காக 1971-இல் தொடங்கிய காம்ரா என்ற இயக்கம் வருஷந்தோறும் நாட்டிலேயே சிறந்த பீர் எது என்று தேர்ந்தெடுக்கிறது. 1978-லும் 1981-லும் 1985-லும் இந்தப் பீர்ச்சாலையின் கெட்டி பீரான ஈ.எஸ்.பி. அந்தப் பட்டத்தைப் பெற்றது. 1989-இல் பெற்றது எது தெரியுமா? மூன்றரை சதவீத சிஸ்விக் பிட்டர். நாக்கை நம்பித் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். பெயரை நம்புகிறவர்கள்தான் பாட்டிலில் 'ஸ்ட்ராங்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறார்கள். நம் நாட்டுக் கடைகளில் அது இருந்தால்தான் வியாபாரம்.

அப்படியானால் இரண்டாவதன் மீது இந்த இளப்பம் எங்கிருந்து வந்தது? அதைப் பார்லியில் தேடிப் பிரயோஜனம் இல்லை. பரிமாறின இடத்தில் தேட வேண்டும்.

பழைய இங்கிலாந்தில் பண்ணை வீடுகளிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் வீட்டிலேயேதான் பீர் காய்ச்சினார்கள். முதலில் இறங்கியது எஜமானருக்கும் விருந்தாளிக்கும். பின்னால் இறங்கியது வேலைக்காரர்களுக்கும் குழந்தைகளுக்கும். அதற்குப் பெயரே சின்ன பீர். 1643-இல் பீருக்கு வரி போட்டபோது சர்க்காரும் கனத்த பீருக்கு ஒரு விகிதம், சின்ன பீருக்கு ஒரு விகிதம் என்று இரண்டாகப் பிரித்து முத்திரை குத்திவிட்டது. சில மாளிகைகளில் வாரிசு பிறந்தால் மிகக் கெட்டியாக ஒரு பீப்பாய் காய்ச்சி நிலவறையில் வைப்பார்கள். பிள்ளைக்கு 21 வயது நிறைகிற அன்று அதைத் திறந்து கொண்டாடுவார்கள். அன்று குடியானவர்களுக்கும் அதில் கொஞ்சம் கிடைத்திருக்கும். இடையில் இருந்த இருபத்தொரு வருஷமும் அவர்கள் குடித்தது சின்ன பீர்.

ஒரு காரியம் கவனிக்க வேண்டும். மெல்லியதாக இறங்குவது இயற்கை. அதற்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் பல வீடுகளில் எஜமானரின் பீரில் கொதித்துச் சக்கையான ஹாப்ஸையே எடுத்து வேலைக்காரர்களின் பீரில் மறுபடி போட்டார்கள். அது இயற்கை செய்த காரியம் இல்லை. என் மருமான் இரண்டு பாத்திரத்துக்கும் புதுப் பூ போட்டான். போட முடியும் என்று அர்த்தம்.

சரி, கனத்த பீர் இல்லாமல் உழைக்கிறவனுக்கு உடம்பில் தெம்பு ஏது என்று ஒரு கட்சி அந்தக் காலத்திலேயே இருந்தது. பெஞ்சமின் பிராங்க்ளின் வாலிபத்தில், 1725 வாக்கில், லண்டன் அச்சுக்கூடம் ஒன்றில் வேலை செய்தார். அவரோடு வேலை செய்த ஒருவன் காலைச் சாப்பாட்டுக்கு முன் தொடங்கி வேலை முடிகிறவரை ஒரு நாளைக்கு ஆறு பைண்ட் பீர் குடித்ததை அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வலுவான வேலைக்கு வலுவான பீர் வேண்டும் என்பது அவன் வாதம். பீரில் கரைந்திருக்கும் தானியம் எவ்வளவோ அவ்வளவு பலம்தான் அதிலிருந்து கிடைக்கும், அதைவிட ஒரு பென்னி ரொட்டியில் மாவு அதிகம் என்று பிராங்க்ளின் கணக்குச் சொன்னார். அவர் குடித்தது தண்ணீர். மற்றவர்கள் இரண்டு கையாலும் ஒரு அச்சுச் சட்டத்தைத் தூக்கியபோது, அவர் கைக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். சனிக்கிழமை சம்பளத்தில் பெரும் துண்டு பீர்க் கணக்குக்குப் போய்விடுகிறதே என்பதுதான் அவருடைய வருத்தம். கனம், வலு என்ற வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஏழையின் பையில் கை விடுவது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை.

இதற்கு எதிர்ப் பக்கத்தில் நின்று சண்டை போட்டவர் வில்லியம் காபெட். அவர் ஒரு குடியானவர் மகன், பெரிய வாயாடி, பத்திரிகைக்காரர். 1821-லும் 1822-லும் 'காட்டேஜ் எகானமி' என்று பகுதி பகுதியாக ஒரு புஸ்தகம் போட்டார். கூலிக்காரக் குடும்பங்கள் வீட்டிலேயே பீர் காய்ச்சுவதை விட்டுவிட்டுத் தேயிலைக்கு அடிமையாகிவிட்டன என்று அதில் அவருக்கு அடங்காத ஆத்திரம். தேயிலையை அவர் திட்டியிருப்பதைப் படித்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் காபியைத் திட்டியதெல்லாம் தாலாட்டு. தேயிலை விஷயத்தில் நான் அவர் கட்சி இல்லை. ஆனால் அவர் சொன்ன வேறொன்று எனக்குப் பிடித்திருக்கிறது. மால்ட்டுக்கும் ஹாப்ஸுக்கும் வரியைப் போட்டுப் போட்டுத்தான் ஏழை வீட்டுக் கொப்பரையை அவித்தார்கள் என்றார். ஒரே மால்ட்டிலிருந்து ஏலும் சின்ன பீரும் எப்படி எடுப்பது என்று கூலிக்காரனுக்குக் கற்றுக் கொடுத்தார். அவர் சொன்ன வீட்டில் இரண்டும் ஒரே குடும்பத்துக்கு. இன்று இது, நாளைக்கு அது. வேலை நாளில் மெல்லியது, பண்டிகைக்குக் கனத்தது. காய்ச்சுகிறவனே குடிக்கிறவனாக இருந்தால் இரண்டாவது என்பதில் அவமானம் எங்கே இருக்கிறது? மால்ட் வரி 1880-இல்தான் போயிற்று. அதற்குள் கொப்பரைகள் துருப்பிடித்துவிட்டன.

சின்ன பீர் என்ற சொல்லுக்கு இங்கிலீஷில் அற்ப விஷயம் என்று ஒரு பொருள் ஏற்பட்டிருக்கிறது. ஷேக்ஸ்பியரும் அதை அந்தப் பொருளில் எடுத்தாண்டிருக்கிறார். 'ஒதெல்லோ'வில், பெண்களை மட்டம் தட்டிப் பேசும் ஓர் இடத்தில். பேசுகிறவன் இயாகோ. அந்த நாடகத்தில் அவன் யார் என்று இலக்கிய நண்பருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை நேரம் வெள்ளைக்காரனைப் பேசியாகிவிட்டது. இனி என் வீட்டுக்கு வருகிறேன்.

என் தாயார் பித்தளை பில்டரில் டிகாக்ஷன் போடுவாள். முதலில் இறங்கியது அப்பாவுக்கும் எங்களுக்கும். இரண்டாம் தடவை வெந்நீர் விட்டு இறக்கியது, பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாளுக்கு. புழக்கடைப் படியில் அவளுக்கென்று ஓர் அலுமினியத் தம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். என் தாயார் கொடுமைக்காரி இல்லை. அந்த அம்மாளின் பெண்ணுக்குப் பிரசவம் என்றபோது தன் புடவையைக் கொடுத்தவள். அது வழக்கம், அவ்வளவுதான். வழக்கத்தைச் செய்கிறவர்கள் யோசிப்பதில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயசிருக்கும். ஒரு நாள் அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்: "தம்பி, அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதே. தண்ணியா இருந்தா இருந்துட்டுப் போவுது. சக்கரையாச்சும் உங்களுக்குப் போடற மாதிரி போடச் சொல்லு."

நான் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயம் இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. விளையாடப் போய்விட்டேன். அப்புறம் நாலைந்து வருஷம் அவள் வந்துகொண்டிருந்தாள். நாலைந்து வருஷம் அந்தத் தம்ளரில் சர்க்கரை குறைவாகவே விழுந்தது. லீட்ஸில் அந்தப் பையன் இரண்டாவது பாத்திரத்தில் புதுப் பூவை அள்ளிப் போட்டபோது எனக்கு அவள் குரல் கேட்டது. இரண்டாம் டிகாக்ஷன் மெல்லியதாக இருப்பதற்கு இயற்கை காரணம். அதில் பாலும் சர்க்கரையும் குறைந்ததற்கு யார் காரணம்? பதில் தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

ஒரு தீபாவளிக்கு எதிர்பாராமல் எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். டிகாக்ஷன் போதவில்லை. என் தாயார் ஒரு கணம் தயங்கினாள். பிறகு இரண்டாவதையும் முதலாவதையும் ஒன்றாகக் கலந்து, பால் விட்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆற்றிக் கொடுத்தாள். கலெக்டர் ஆபீஸில் இருந்த என் பெரியப்பா, "உன் கைக் காபிக்கு ஈடு கிடையாது" என்று சொல்லிவிட்டு இன்னொரு தம்ளர் வாங்கிக் குடித்தார். சிஸ்விக் பீர்ச்சாலைக்காரர்கள் செய்ததைத்தான் என் தாயார் செய்தாள். ஒரு நாள் செய்ய முடிந்ததை மற்ற நாள் ஏன் செய்யக் கூடாது என்று அவளும் கேட்டுக்கொள்ளவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இப்போது என் நண்பருக்குப் பதில் சொல்லலாம். பத்திரிகைக் கதை இரண்டாம் டிகாக்ஷன் என்கிறீர்கள். நல்லது, ஒப்புக்கொள்கிறேன். நாவல் எழுதுகிறபோது கெட்டியாக ஒன்று இறங்கிவிடுகிறது. அதில் சேராமல் நிற்கிற மனிதர்கள், ஒரு பேச்சு, ஒரு தெரு, ஒரு வெட்கம், இவையெல்லாம் அப்புறம் மெல்ல மெல்லக் கதைகளாக இறங்குகின்றன. என் வாழ்க்கையில் பாதி இன்னும் பெட்டியில்தான் இருந்தது என்பதை அந்தக் கதைகளை எழுதித்தான் நான் தெரிந்துகொண்டேன். வாரப் பத்திரிகையை வாங்கி, மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு படித்து, சாயங்காலம் மறந்துவிடுகிற வாசகர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு இருபத்தொரு வருஷம் நிலவறையில் வைக்கிற சரக்கு வேண்டாம். அன்றைக்கு இறக்கி அன்றைக்குக் குடிக்க ஒன்று வேண்டும். அது சுத்தமாக இருக்க வேண்டும். குற்றத்தை மறைக்க அதில் கனம் கிடையாது. ஒரு வாக்கியம் பொய்யாக இருந்தால் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். அறுநூறு பக்க நாவலில் எத்தனை பொய் வாக்கியங்கள் கனத்தின் கீழே சௌகரியமாகத் தூங்குகின்றன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒன்றை மட்டும் நீங்கள் சொல்லியிருந்தால் நான் தலை குனிந்திருப்பேன். அதை நீங்கள் சொல்லவில்லை. ஆகையால் நானே சொல்கிறேன். அன்று என் மருமான் இரண்டாவது பாத்திரத்தை நிரப்பிய பிறகு, நான், "இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டால் மூன்றாவது ஒன்று வராதா?" என்று கேட்டேன். அவன் குழாயில் இறங்குவதைப் பிடித்து அளந்து காட்டினான். 1.010-க்கு வந்துவிட்டது. "இதுக்குக் கீழே போனா சர்க்கரை வராது, மாமா. உமியிலிருந்து துவர்ப்புத்தான் வரும். நிறுத்திடணும்" என்று குழாயை மூடினான். சக்கையைப் பக்கத்துத் தெருவில் கோழி வளர்க்கிறவருக்குக் கொடுத்தான். எங்கே நிறுத்துவது என்பதற்குப் பீர்க்காரனிடம் ஒரு கண்ணாடிக் குச்சி இருக்கிறது. எழுத்தாளனிடம் இல்லை. நான் எழுதிய தொடர்கதைகளில் இரண்டு, வாசகர் கடிதம் வருகிறது என்பதற்காகப் பத்து வாரம் கூடுதலாக ஓடின. அந்தப் பத்து வாரமும் உமித் துவர்ப்பு. அவற்றைப் புஸ்தகமாக்கும்போது வெட்டினேன். வெட்டிய பக்கங்களுக்கும் பணம் வாங்கியவன்தான் நான். மூன்றாம் தண்ணீரைத் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன். அதைக் காட்டி இரண்டாவதைத் திட்டாதீர்கள்.

வேலைக்காரிக்குக் கொடுக்கிற சரக்கு என்றீர்களே, அதற்கும் பதில் இருக்கிறது. வேலைக்காரி படித்துப் பிடித்துப் போகிற கதையை என்னால் எழுத முடியுமானால் அதை என் பெயர் போட்டு முதல் பக்கத்தில் அச்சிடச் சொல்வேன். அவள் மெல்லியதைக் குடிக்கிறாள் என்பது அவளுடைய ருசிக்குச் சாட்சி ஆகாது. நாம் அவளுக்கு எதைக் கொடுத்தோம் என்பதற்குத்தான் சாட்சி.

லீட்ஸிலிருந்து திரும்பி வந்ததும் என் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். "பீர் காய்ச்சறதைப் பார்த்துட்டு வந்து எனக்குக் காபி போடக் கற்றுத் தரீர்களா?" என்றாள். ஆனாலும் மறு நாளிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு டிகாக்ஷனும் ஒரே பாத்திரத்தில் இறங்குகின்றன. தூள் ஒரு ஸ்பூன் கூடப் போடுகிறாள். வேலைக்கு வருகிற அம்மாளும் நாங்களும் குடிப்பது ஒன்றுதான். தம்ளரும் ஒரே செட்டு. சர்க்கரை டப்பாவை அவள் பக்கத்திலேயே வைத்துவிடுகிறோம்.

கூட்டம் முடிந்த மறு வாரம் நண்பர் என் வீட்டுக்கு வந்திருந்தார். காபி கொடுத்தோம். பாதி குடித்துவிட்டு, "பேஷ், உங்கள் வீட்டில் டிகாக்ஷன் எப்போதுமே முதல் தரம்" என்றார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அவர் படிப்பார்.